காலையில் என்ன சாப்பிட்டாய்

ஒலி சரிபார்க்க ஏதாவது பேசச் சொல்வார்கள்.
மற்ற நிருபர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்பார்கள்.
ஔனே ராவுத்தியாலா மட்டும்
காலையில் சாப்பிட்டதைச் சொல்வாள்.

பெய்ரூட்: ஓமம் மாதிரி மணக்கிற ஏதோ இலை தூவிய ரொட்டி.
பாதிதான். மீதி கேமராக்காரருக்கு.
அஸ்மாரா: காபி, காபி, மூன்றாவதும் காபி.
மறுத்தால் வீட்டுக்காரி கோபித்துக்கொள்வாளாம்.
காபூல்: முலாம்பழம்.
கத்தி இல்லை, முழங்காலில் அடித்து உடைத்தோம்.
சரயேவோ: சிகரெட்டைச் சாப்பாட்டுக் கணக்கில்
சேர்ப்பாயா, ஒஸ்மோ?

ஒஸ்மோ நான்தான்.
ஹெல்சிங்கியில், தரைக்குக் கீழே இரண்டாம் தளத்தில்,
சன்னல் இல்லாத அறையில்
இருபத்தாறு வருடம் அவளை வெட்டி ஒட்டியவன்.
போருக்கு நான் போனதில்லை.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
அவள் பேச்சுக்கு முந்தைய பதினைந்து விநாடி.
காற்றில் அலையும் முடியைக் காதுக்குப் பின் செருகுவாள்.
சாப்பிட்டதைச் சொல்வாள்.
பிறகு முகம் மாறும்.
மாறுகிற அந்த இடத்தில்தான் என் வெட்டு.

நாட்டுக்குப் போனது இரண்டு நிமிடம் பத்து விநாடி:
இறந்தவர் எண்ணிக்கை, தெருவின் பெயர்,
தளபதி சொன்னது, பிறகு மறுத்தது.
ரொட்டி எனக்கு.

க்ரோஸ்னியில் ஒரு குளிர்காலம் முழுக்க
சுலும்பெக் வீட்டுச் சாப்பாடு.
கார் ஓட்டுகிறவன். மொழிபெயர்ப்பதும் அவனே.
அவன் மனைவி பிடித்த மாவு உருண்டை, பூண்டுச் சாறு,
சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு தேநீர்.
"இன்றைக்கும் அங்கேதான் கை நனைத்தேன், ஒஸ்மோ.
உப்பு கொஞ்சம் தூக்கல்."

பிப்ரவரியில் ஒரு நாடா வந்தது.
அவளுக்குப் பின்னால் அதே கார், கண்ணாடிகள் இல்லாமல்.
ஏதாவது பேசு, ஒலி பார்க்கணும் என்கிறார் கேமராக்காரர்.
எண்ணத் தொடங்கினாள்.
எண்கள்தான், ஆனால் நம் மொழியில் இல்லை.
ஐந்தோடு நின்றுவிட்டாள்.
அதுவரைக்கும்தான் அவன் சொல்லிக் கொடுத்திருந்தான் போலிருக்கிறது.
அன்று முகம் மாறவில்லை.
எங்கே வெட்டுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.
செய்தி எட்டரைக்கு.
எட்டு இருபத்தேழுக்கு
எங்கோ ஓரிடத்தில் வெட்டினேன்.

அதற்குப் பிறகு பதினோரு வருடம்,
நான்கு போர், ஒரு நிலநடுக்கம்.
ஒலி சரிபார்க்க அந்த ஐந்து எண்கள், அவ்வளவுதான்.
புதிதாக வந்த பிள்ளைகள்
அது ஏதோ பாணி என்று நினைத்து
அர்த்தம் தெரியாமல் தாங்களும் எண்ணிப் பார்த்தார்கள்.

ஓய்வு பெறும் நாளுக்கு மூன்று நிமிடப் படம் கேட்டார்கள்.
தலைக்கவசம், புகை, விருது வாங்கும் கை.
கேட்டபடி செய்து கொடுத்தேன்.

விழாவுக்கு முன்னால் படியிறங்கி வந்தாள்.
என் அறைக்கு வருவது அதுதான் முதல்முறை.
"இவ்வளவு சின்னதா?" என்றாள்.
எதைக் கேட்டாலும்
செயற்கைக்கோள் போய்த் திரும்புகிற நேரம் எடுத்துக்கொண்டுதான்
இப்போதெல்லாம் பதில் சொல்கிறாள்.
இழுப்பறையைத் திறந்து காட்டினேன்:
வெட்டி எறியச் சொன்னதில் நான் எறியாதவை.
பெய்ரூட் வேண்டாம் என்றாள். காபூலும் வேண்டாம்.
"சுலும்பெக் எதிலாவது இருக்கிறானா?"

இல்லை.
சட்டகத்துக்குள் உள்ளூர் ஆள் வரக்கூடாது,
அது அந்தக் காலத்து விதி.
ஒன்றில் மட்டும், இடது ஓரத்தில்,
அவளுக்குப் பனி விழாமல் குடை பிடிக்கிற ஒரு முழங்கை.
ஓட்டினேன்.
"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்கிறாள் நாற்பது வயது ஔனே.
முழங்கை குலுங்குகிறது. குடையும்.

"நம் மொழியில் அவனுக்குத் தெரிந்த ஒரே சொல் உப்பு" என்றாள்.
"சாப்பாட்டு மேசையில் கேட்டுக் கேட்டு வந்தது."
அப்புறம், "மறுபடி போடு."

போட்டேன்.
மேலே மண்டபத்தில் யாரோ ஒலிவாங்கியைத் தட்டி
ஒன்று, இரண்டு என்றார்கள்.
அவள் எழுந்திருக்கவில்லை.